குழாய் அகழிக்குத் தண்ணீர் இறைக்கிறார்கள், எங்கள் கிணறு உப்பாகிறது: வாவிக்கரையில் கழிவுநீர்க் குழாய் வேலை

கிணற்றடி | புரட்டாதி, முதற் கிழமை

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நீளக் கிடக்கும் மணல் திட்டில் எங்கள் ஊர். வேலை இன்னும் நடந்துகொண்டிருப்பதால் ஊரின் பெயரையும் ஒப்பந்தக்காரரின் பெயரையும் எழுதவில்லை. பெயர் தெரிந்தவர்களும் தயவுசெய்து இந்த இழையில் அதை எழுத வேண்டாம்.

மூன்று கிழமைக்கு முன் எங்கள் ஒழுங்கையில் கழிவுநீர்க் குழாய் புதைக்கத் தொடங்கினார்கள். ஒழுங்கையின் அகலமே பத்து அடி. அகழி ஆறு அடியை எடுத்துக்கொண்டது, மிச்சத்தில் தோண்டிய மணல் குவிந்து கிடக்கிறது. எங்கள் வாசல் கடப்புக்கு முன்னால் இரண்டு பலகை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் அதில் நடந்துதான் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். இரவில் அம்மா வெளியே வருவதில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஊருக்கு நல்லது வருகிறது என்று. கிணற்றைத்தான் பொறுக்க முடியவில்லை.

அகழியின் இரு பக்கமும் கைத்தடிக் கனத்தில் குழாய்களை வரிசையாக மணலுக்குள் இறக்கி, எல்லாவற்றையும் ஒரு பெரிய குழாயில் சேர்த்து, இரவு பகலாகத் தண்ணீரை இழுக்கிறார்கள். இழுத்த தண்ணீர் வடிகானில் ஓடி வாவிக்குப் போகிறது. எங்கள் வாளிக் கயிற்றில் அம்மா போட்ட ஒரு முடிச்சு இருக்கிறது. முடிச்சு கிணற்றுக் கட்டுக்கு வந்தால் வாளி தண்ணீரைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கட்டிலிருந்து ஆறு அடி. இத்தனை வருடக் கோடையிலும் அந்த முடிச்சை அரை அடிக்கு மேல் தாண்டியதில்லை. போன சனிக்கிழமை முடிச்சு தாண்டி மூன்று அடிக்கு மேல் கயிறு போனது. பிறகு வாளி மணலை உரசும் சத்தம் கேட்டது.

அதைவிட மோசம், இருக்கும் கொஞ்சத் தண்ணீரும் கரிக்கிறது. சவர்க்காரம் நுரைக்கவில்லை. நேற்று அம்மா ஒரு மிடறு வாயில் வைத்துவிட்டு, "சுனாமிக்குப் பிறகு இப்படித்தான் இருந்தது" என்றார்.

நான் கேட்பது இதுதான். இது வேலை முடிந்ததும் தானாகச் சரியாகுமா? இப்படிக் கிணற்றை வற்ற வைக்காமல் குழாய் புதைக்க முடியாதா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முகப்புக் கடை | அன்றிரவு

தங்கச்சி, உங்கள் ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருப்பவன்தான் எழுதுகிறேன். கிணற்றைப் பற்றி நீங்கள் எழுதிவிட்டீர்கள், நான் ஒன்றைச் சேர்க்கிறேன். போன புதன்கிழமை இரவு என் மாமியாருக்கு மூச்சு முட்டியது. 1990 அம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் பெரிய வீதியிலேயே நின்றது, உள்ளே வர வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு, மணல் மேட்டின் மேல் கால் புதையப் புதைய நடந்தோம். என் மகன் முன்னால் போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டு போனான். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த நூறு யார் தூரத்தை நான் மறக்கப்போவதில்லை.

வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நூறு அடி தோண்டினால் அந்த நூறு அடியை மூடிவிட்டு அடுத்த நூறைத் தோண்டலாமே! ஒழுங்கை முழுவதையும் ஒரே நாளில் கிழித்துப் போட்டுவிட்டு, குழாய் வரும்வரை பதினைந்து நாள் திறந்து வைத்திருக்க என்ன தேவை?

நீர்மட்டம் | மறுநாள் காலை

தண்ணீர் வேலைத்தளங்களில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கிணற்றடி கேட்டதற்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், சற்று நீளும்.

முதலில், ஏன் இவ்வளவு ஆழம்? கழிவுநீர் தன் பாரத்தில்தான் ஓட வேண்டும். ஆறு அங்குலக் குழாயில் கழிவு தங்காமல் ஓட ஏறக்குறைய 150 அடிக்கு 1 அடி சரிவு வேண்டும். எங்கள் மணல் திட்டோ பாய் விரித்ததுபோல் சமதரை. நிலத்தில் சரிவு இல்லாவிட்டால் குழாயைத்தான் சரிக்க வேண்டும். 300 மீற்றர் நீள ஒழுங்கையில் ஒரு தலைப்பில் ஒரு மீற்றர் ஆழத்தில் தொடங்கினால் மறு தலைப்பில் மூன்று மீற்றர், அதாவது பத்து அடி. கோடையிலேயே நிலத்தடி நீர் ஐந்து ஆறு அடியில் நிற்கும் இடத்தில் பத்து அடி தோண்டினால் பாதி அகழி தண்ணீருக்குள் இருக்கும். தண்ணீருக்குள் மணல் சுவர் நிற்காது, கஞ்சிபோல் சரியும். அதனால்தான் இறைக்கிறார்கள். இறைக்காமல் தோண்டினால் உங்கள் மதில் அகழிக்குள் வந்துவிடும்.

இரண்டாவது, உப்பு. இதைத்தான் வேலை செய்பவர்களும் அதிகம் யோசிப்பதில்லை. எங்கள் திட்டின் அடியில் இருப்பது ஓடும் நீரூற்று அல்ல. மாரி மழை மணலில் இறங்கி, உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு நன்னீர்ப் படை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நன்னீர் உப்புநீரைவிடக் கொஞ்சம் இலேசு, அந்தக் கொஞ்ச வித்தியாசத்தில்தான் அது மேலே நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு அடி மேலே நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடியை இறைத்துக் குறைத்து, அப்படியே நீண்ட காலம் வைத்திருந்தால், கீழிருந்து உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். சில நாள் இறைப்பில் அவ்வளவும் நடந்துவிடாது. மூன்று கிழமை இரவு பகலாக இறைத்தால் கிணற்றடியில் உப்பு தெரியத் தொடங்கும்.

உங்கள் அம்மா சொன்னது சரியான ஒப்பீடு. 2004 டிசம்பரில் கடல் வந்து போன பிறகு, கல்லடியிலும் நாவலடியிலும் கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று பம்பு வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அளவுக்கு மேல் இறைத்த கிணறுகளில் கீழிருந்து உப்பு ஏறி நிலைமை மோசமானது. பிறகு மாரி மழைதான் அந்த உப்பைக் கழுவியது, பம்பு அல்ல.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: மட்டம் திரும்பிவிடும், பம்பு நின்ற சில நாட்களில். சுவை திரும்ப ஒரு நல்ல மாரி வேண்டும். அதுவரை கிணற்றில் மோட்டார் போட்டு இறைக்காதீர்கள். வாளியால் மேலாக அள்ளுங்கள். மோட்டார் போட்டால் அகழிக்காரர் செய்வதையே நீங்களும் உங்கள் கிணற்றுக்குச் செய்கிறீர்கள்.

வெள்ளவத்தைவாசி | அன்று மதியம்

புளியந்தீவில் பிறந்து கொழும்பில் இருக்கிறேன். கொழும்பில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வேலை 1906 அளவில் தொடங்கியது, வெள்ளைக்காரன் காலத்தில். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்தப் பழைய குழாய்களின் மேல்தான் நகரம் நிற்கிறது. அந்தக் கழிவு கடைசியில் வெள்ளவத்தையிலும் கொழும்பு வடக்கு முகத்துவாரத்திலும் நீண்ட குழாய்கள் வழியே கடலுக்குப் போகிறது. என் வீட்டில் மலக்குழி என்று ஒன்று இல்லை, மழைக்கு அது நிரம்புமா என்ற யோசனையும் இல்லை. ஊருக்கு வரும்போதுதான் அந்த நினைப்பே வரும்.

அதனால் சொல்கிறேன், மூன்று மாதக் கஷ்டத்தைப் பார்த்து நூறு வருட நன்மையைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் உரிமையைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வேலைக்குப் பொறுப்பான அரச நிறுவனத்திடம் வரைபடத்தையும் வேலைக்கால அட்டவணையையும் எழுத்தில் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். வாயால் கேட்டால் "பார்ப்போம்" என்ற பதில்தான் வரும்.

கைத்தறிக்காரி | அன்று மாலை

காத்தான்குடியிலிருந்து எழுதுகிறேன். கிணற்றடித் தங்கச்சியின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இந்தக் குழாய் வந்தால் நான் அகழிக்குள் இறங்கி மண் அள்ளவும் தயார்.

எங்கள் ஊரின் நெருக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் ஒட்டி நிற்கின்றன. வாப்பா எனக்குத் தந்த காணி ஆறு பேர்ச், ஏறக்குறைய 1,630 சதுர அடி. அதில் வீடு, கிணறு, மலசலகூடம், குழி எல்லாம் இருக்க வேண்டும். மாரி தொடங்கிப் பத்து நாளில் குழிக்குள் நிலத்தடி நீர் ஏறிவிடும். பிறகு தண்ணீர் ஊற்றினால் போகாது, கோப்பைக்குள் மேலெழும்பி நிற்கும். வயதுக்கு வந்த இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கார்த்திகை மார்கழியில் பெரியம்மா வீட்டுக்கு நடந்து போகிறோம், அவர்களுடைய வளவு கொஞ்சம் மேடு என்பதால். கழிவு இழுக்கும் பவுசருக்குச் சொன்னால் அந்த மாதங்களில் வரிசை. வந்தாலும் எங்கள் ஒழுங்கைக்குள் நுழையாது, நீளக் குழாய் போட்டு இழுக்க வேண்டும். இழுத்த மறுநாளே குழி மறுபடி நிரம்பிவிடும். அது மனிதக் கழிவு அல்ல, நிலத்தடி நீர். கடலை இறைக்கிற மாதிரி.

உப்புத்தண்ணீரைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் கிணற்றில் இருப்பது என்ன தண்ணீர் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பழைய வளவு | அன்றிரவு

எனக்கு இந்தக் குழாயில் நம்பிக்கை இல்லை. எங்கள் காலத்தில் பூவல் தோண்டித் தண்ணீர் குடித்தோம். நாலு முழம் மணலைக் கிளறினால் பளிங்குபோல் ஊறும். வளவின் கோடியில் குழி. யாருக்கும் ஒன்றும் வரவில்லை. இருக்கிற முறையை ஒழுங்காக வைத்திருந்தால் போதும். வீதியைக் கிண்டி, வீட்டுச் சுவரை வெடிக்க வைத்து, கடைசியில் மாதக் கட்டணமும் வாங்கப் போகிறார்கள்.

கிணற்றடி | மறுநாள்

பழைய வளவு ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு பதில். நேற்று கைத்தறிக்காரி ராத்தா எழுதியதைப் படித்த பிறகு இரவு தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்ததும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் வளவை அளந்தேன்.

பாட்டி காலத்தில் இது நாற்பது பேர்ச். ஒரு கிணறு, ஒரு குழி, நடுவில் ஆறு தென்னை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைக்குத்தான் வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பாட்டிக்கு நான்கு பெண்கள். நாற்பதை நான்காகப் பிரித்துப் பத்துப் பத்துப் பேர்ச் சீதனமாகக் கொடுத்தார். இப்போது அம்மா தன் பத்தில் எனக்கும் அக்காவுக்கும் இரண்டு வீடு கட்டித் தந்திருக்கிறார். ஆக, பாட்டி வளவில் இன்று ஐந்து வீடு, ஐந்து கிணறு, ஐந்து குழி. தென்னை ஒன்றுதான் மிச்சம்.

கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். எங்கள் கிணற்றிலிருந்து எங்கள் குழிக்கு 31 அடி. சின்னம்மா வீட்டுக் குழி மதிலுக்கு அந்தப் பக்கம், 14 அடி. பத்துப் பேர்ச் என்றால் 2,722 சதுர அடி, அதாவது ஒரு பக்கம் 52 அடி. இந்தச் சதுரத்துக்குள் என் குழியை விட்டு ஐம்பது அடி தள்ளிக் கிணறு தோண்டினால், அது பக்கத்து வீட்டுக் குழியின் வாயில் போய் நிற்கும். தவறு யாருடையதும் அல்ல. பாட்டி தன் பெண்களுக்கு வீடு கொடுத்தார், அவ்வளவுதான்.

பூவல் தண்ணீர் பளிங்குபோல் இருந்தது உண்மை, ஐயா. ஆனால் அந்தப் பூவலைச் சுற்றி அப்போது எத்தனை வீடு இருந்தது?

நீர்மட்டம் | அன்று

கிணற்றடி அளந்ததைப் படித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்ய வேண்டும்.

பளிங்குபோல் இருக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எண்ண வேண்டாம். மணல் கிருமியை ஓரளவு வடிக்கும். குழியில் கரையும் சிறுநீர்ச் சத்து மணலுக்குள் நைத்திரேற்றாக மாறும், அதை மணல் வடிக்காது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். குளோரின் போட்டாலும் போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கலாம். உதடும் நகமும் நீலமாகும். கைக்குழந்தை உள்ள வீடுகள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் குழந்தைக்கு அதையே பாவியுங்கள்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். ஆனால் வாளியால் அள்ளிய வீடு குழாயைத் திறந்தால் இரண்டு மடங்கு தண்ணீர் செலவழிக்கும். சலவை இயந்திரம், மேல்மாடிக் குளியலறை எல்லாம் வந்தன. உள்ளே வந்த தண்ணீர் அத்தனையும் எங்கே போகும்? பழைய குழிக்கே போனது. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும்போதே அது வெளியேறும் வழியையும் கொண்டுவந்திருக்க வேண்டும். பல வருடம் பிந்தி வந்திருக்கிறது.

மண்வெட்டி | இரண்டு நாள் கழித்து

நான் இப்படியான அகழிகளில் கூலிக்கு வேலை செய்கிறவன். கிணற்றடி அக்காவின் ஒழுங்கையில் அல்ல, வேறிடத்தில். எல்லோரும் கிணறு, வீடு, கடை என்று எழுதுகிறீர்கள். அகழிக்குள் நிற்கிறவனைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பத்து அடி மணல் அகழிக்குள் நின்று மேலே பார்த்தால் வானம் ஒரு கீற்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அறைந்து நடுவில் முட்டுக் கொடுத்தால் பயமில்லை. ஆனால் தகடு அறைய நேரம் பிடிக்கும். அவசரமான நாளில் "அரை மணித்தியால வேலைதானே, இறங்கு" என்பார்கள். ஒரு முறை அப்படி இறங்கினேன். மணல் இடியும்போது சத்தம் வராது. முதலில் காற்சட்டைப் பைக்குள் மணல் விழுந்தது, பிறகு இடுப்பு வரை இறுகிவிட்டது. இடுப்பளவுதான். ஆனாலும் என்னால் ஒரு காலைக்கூட அசைக்க முடியவில்லை. அசைய முயன்றால் மணல் இன்னும் இறுகியது. மூன்று பேர் கையால் கிளறித்தான் எடுத்தார்கள். மண்வெட்டி போட்டால் காலை வெட்டிவிடும் என்று கையால்.

உங்கள் ஒழுங்கையில் தகடு இல்லாமல் ஆள் இறங்குவதைக் கண்டால் உடனே படம் எடுத்து, கிராம சேவகரிடமோ மேற்பார்வைப் பொறியியலாளரிடமோ சொல்லுங்கள். எங்களால் சொல்ல முடியாது, சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. குழாய் ஓடத் தொடங்கிய பிறகு இன்னொன்று. அடைப்பு எடுக்கிறேன் என்று யாரையும் மேன்ஹோலுக்குள் இறக்க விடாதீர்கள். உள்ளே நிற்கும் வாயு ஒரு மூச்சிலேயே ஆளை விழுத்தும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார்.

கிணற்றடி | அன்று

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் படித்தேன். எங்கள் அகழியில் இன்று காலை எட்டிப் பார்த்தேன். முகப்புப் பக்கம் தகடு இருக்கிறது. எங்கள் கடப்பின் முன்னால் இல்லை. மேற்பார்வையாளரிடம் நேரே போய்ச் சொன்னேன். மாலையில் அறைந்தார்கள்.

பாலமீன்மடுவான் | மறுநாள்

வாவியில் வலை போடுகிறவன். எல்லோரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். இந்தக் குழாய் கடைசியில் எங்கே திறக்கிறது?

எங்கள் வாவி 56 கிலோமீற்றர் நீளம். ஆனால் கடலோடு சேரும் வாய் குறுகியது. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும், மாரியில் வெள்ளம் வந்தால்தான் திறக்கும். அந்த நடு மாதங்களில் வாவிக்குள் விழுந்தது வாவிக்குள்ளேயே கிடக்கும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் தண்ணீர் சூடேறிப் பச்சையாகி, விடியற்காலையில் மீன் மூச்சுத் திணறி மேலே வாய் பிளந்து நிற்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு வீட்டுக் குழியும் கொஞ்சம் கொஞ்சமாக வாவிக்கு ஊறுகிறது, அது தெரியும். அதையெல்லாம் ஒரே குழாயில் சேர்த்து, சுத்திகரிக்காமலோ அரைகுறையாகச் சுத்திகரித்தோ ஒரே இடத்தில் விட்டால், அந்த இடத்தில் இறாலும் இல்லை, நண்டும் இல்லை.

கழிவைத் தள்ளும் பம்பு நிலையத்தின் கதையும் கேட்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் பம்பு நிற்கும், வீடுகளில் தண்ணீர் ஊற்றுவது நிற்காது. நிரம்பியது எந்தப் பக்கம் வழியும்? எங்கள் தோணி கட்டும் பக்கம்தான்.

நீர்மட்டம் | அன்று மாலை

இந்த இழையில் வந்த கேள்விகளில் கனமானது இதுதான். பம்பு நிலையத்துக்குத் தனி ஜெனரேட்டர் இருக்கிறதா, எத்தனை மணித்தியாலக் கழிவைத் தாங்கும் தொட்டி இருக்கிறது, மிகை வழிந்தால் எங்கே போகும், சுத்திகரித்த நீர் எங்கே விடப்படுகிறது, அதை யார் எத்தனை நாளைக்கு ஒரு முறை பரிசோதிப்பார்கள். வெள்ளவத்தைத் தம்பி சொன்ன விண்ணப்பத்தில் இவையும் இருக்கட்டும்.

மணல் திட்டில் இன்னொரு வழியும் உண்டு. வீட்டு மலத்தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, திண்மம் அதில் தங்க, மேலே தெளிந்து வழியும் தண்ணீரை மட்டும் சிறிய குழாயில் எடுத்துப் போவது. திண்மம் இல்லாததால் சரிவு குறைவு, குழாய் சிறியது, அகழி மூன்று நான்கு அடி போதும். இறைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. ஆனால் தொட்டி அடி மூடிய தொட்டியாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் முக்கால்வாசி வீட்டில் இருப்பது வளையம் இறக்கிய அடியில்லாக் குழி. அதோடு ஒவ்வொரு தொட்டியையும் சில வருடத்துக்கு ஒரு முறை பவுசரால் இழுக்க வேண்டும். கைத்தறிக்காரியின் ஒழுங்கைக்குள் பவுசர் நுழையாது. ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இனித் திட்டமிடும் ஊர்களாவது இதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

குழாய் புதைத்து முடிந்த பிறகும் ஒன்றைக் கவனியுங்கள். மூட்டுகள் இறுக்கமில்லாவிட்டால் கழிவு வெளியே வருவதைவிட, மாரியில் நிலத்தடி நீர்தான் உள்ளே புகும். மணலையும் கொண்டு புகும். மேலே வீதி உள்வாங்கும். கூரைப் பீலித் தண்ணீரை இரகசியமாக இந்தக் குழாயில் இணைக்கும் வீடுகளும் அதே கேட்டைச் செய்கின்றன. ஒரு மழைக்கே பம்பு திணறி, தாழ்ந்த வீட்டின் மலசலகூடத்தில் கழிவு மேலே வரும். அந்தத் தாழ்ந்த வீடு உங்கள் அக்காவுடையதாக இருக்கலாம்.

முகப்புக் கடை | மறுநாள்

என் கடைச் சுவரில் யன்னல் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு இறங்கியிருக்கிறது. முன்பே இருந்தது என்கிறார்கள். இல்லை என்று நான் எப்படி நிரூபிப்பது?

நீர்மட்டம் | மறுநாள்

இப்போது நிரூபிப்பது கடினம், அண்ணன். வேலை தொடங்குவதற்கு முன் வீடு வீடாகப் படம் எடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கடனில் நடக்கும் திட்டங்களில் இது வழக்கம், குறைகேட்கும் குழுவும் இருக்கும். உங்களிடம் பழைய படம் இருக்குமே? மகளின் பிறந்தநாள், கடைத் திறப்பு, எதுவானாலும் பின்னால் அந்தச் சுவர் தெரிந்தால் போதும். இனி வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் இன்னும் நகர்கிறது. இறைக்கும்போது தண்ணீரோடு நுண்மணலும் போனால் அத்திவாரம் இறங்கும். வடிகானில் விழும் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வையுங்கள். அடியில் மணல் படிந்தால் அதுவே சாட்சி.

கிணற்றடி | ஐப்பசி, மூன்றாம் கிழமை

பல நாள் எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒழுங்கையில் பதினொரு வீட்டார் கையெழுத்து வைத்துக் கடிதம் எழுதினோம். கிராம சேவகரும் கூட வந்தார். நீர்மட்டம் அண்ணா தன் கையடக்க மீட்டரைக் கொண்டுவந்து ஒவ்வொரு கிணற்றையும் அளந்தார். அது தண்ணீரின் மின்கடத்துதிறனைக் காட்டும், உப்பு ஏற ஏற எண் கூடும். அகழியிலிருந்து தூரத்தில், பெரிய வீதிக்கு அப்பால் உள்ள கிணற்றில் 720. எங்கள் கிணற்றில் 2,400. அந்த இரண்டு எண்ணையும் பொறியியலாளர் முன்னால் வைத்ததும் பேச்சு மாறியது. அதுவரை "கோடையில் எல்லாக் கிணறும் அப்படித்தான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொறியியலாளர் இளம் பிள்ளை, கோபப்படவில்லை. எண்களைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

மூன்று விடயம் ஒப்புக்கொண்டார்கள். ஒரு தடவைக்கு முப்பது மீற்றருக்கு மேல் திறப்பதில்லை, குழாய் வந்திறங்கிய பிறகுதான் தோண்டுவது. இறைக்கும் பம்பு அந்த முப்பது மீற்றருக்கு மட்டும். கிணறு கெட்ட வீடுகளுக்கு, சுவை திரும்பும்வரை நாள் ஒன்றுக்கு ஒரு தொட்டித் தண்ணீர். முதல் இரண்டும் நடந்தன. தண்ணீர்த் தொட்டி ஐந்து நாள் வந்தது, பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை, பிறகு நாங்கள் போன் செய்தால் வந்தது. முகப்புக் கடை அண்ணனின் சுவருக்கு இன்னும் பதில் இல்லை. ஆனால் போத்தலின் அடியில் இரண்டு விரல் மணல் நிற்கிறது, அதைக் கடை அலுமாரியில் வைத்திருக்கிறார்.

பம்பு நின்று ஒன்பதாம் நாள் எங்கள் கிணற்று மட்டம் 6 அடி 8 அங்குலத்துக்கு வந்துவிட்டது. மீட்டரில் 1,950. அண்ணா சொன்னபடியே மோட்டார் போடவில்லை.

கைத்தறிக்காரி | அன்று

அல்ஹம்துலில்லாஹ். அந்த மீட்டரை எங்கள் பக்கமும் கொண்டுவர முடியுமா? உப்புக்கு அல்ல, நைத்திரேற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

நீர்மட்டம் | அன்று

இந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், தங்கச்சி. நைத்திரேற்றுக்குத் தண்ணீரைச் சுத்தமான போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் ஒழுங்கையில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து எடுங்கள், நான் வந்து எடுக்கும் முறையைக் காட்டுகிறேன். எடுத்த அன்றே குளிரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

கிணற்றடி | கார்த்திகை, இரண்டாம் கிழமை

மாரி தொடங்கிவிட்டது. எங்கள் ஒழுங்கை மூடப்பட்டு, கல் பதிக்காமல் மணலாகவே கிடக்கிறது, நடுவில் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது. வீட்டு இணைப்பு தையில் தருவார்களாம். அம்மா பழைய குழியை மூட ஒப்பவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் முற்றத்தில் கழிவு மிதந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. இந்தக் குழாய் ஒரு முழு மாரியைத் தாங்குவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் மூடுவேன் என்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

இன்று காலை மீட்டரில் 1,300.

அடுத்த ஒழுங்கையில் தை கடைசியில் தோண்டப் போகிறார்கள். அங்கே எட்டுக் கிணறு. தோண்டிய பிறகு அளந்து பயனில்லை என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். மழை விட்டதும் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு முகப்புக் கடையடியில் கூடுகிறோம். மட்டம், மீட்டர் எண், வீட்டுச் சுவர்களின் படம், கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரம், நான்கையும் ஒரே நாளில் எழுதிக் கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மீட்டரை அண்ணா தருகிறார். அளவு நாடா ஒன்றுதான் இருக்கிறது, இன்னும் இரண்டு வேண்டும். வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.